வெள்ளைப் புடவையும் ஒரு லட்சம் ரூபாயும்: கே.பி. சுந்தராம்பாள் என்ற பெயர் நிலைத்த கதை

உள்ளூர்த் தமிழ்ப் பாடகர்கள் புதிய பாடலை வெளியிடும்போது செய்திப் பிரிவுக்கு ஓர் அறிமுகக் குறிப்பும் அனுப்புவது வழக்கம். அண்மைக் காலமாக அந்தக் குறிப்புகளில் பாடலைப் பற்றி நான்கு வரி இருந்தால், பாடியவரின் வாழ்க்கையைப் பற்றி நாற்பது வரி இருக்கிறது. தோட்டத்தில் பிறந்தது, அப்பா பால்மரம் வெட்டியது, கோயில் திருவிழாவில் முதன்முதலாக மைக் பிடித்தது, பட்டணத்துக்கு வந்து பட்ட பாடு. நல்ல குரல் மட்டும் போதாது, குரலுக்குப் பின்னால் மக்கள் மனத்தில் ஒட்டிக்கொள்ளும் ஒரு கதை வேண்டும், அப்போதுதான் பெயர் ஒரு 'பிராண்ட்' ஆகும் என்று விளம்பரத் துறையில் இருப்பவர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இணையம் வந்த பிறகுதான் இந்தப் பழக்கம் வந்தது என்று நினைத்துவிட வேண்டாம். தைப்பூசத்தன்று ஜொகூர் பாருவிலோ குளுவாங்கிலோ மூவாரிலோ ஏதாவது ஒரு முருகன் கோயில் பக்கம் போனால், ஒலிபெருக்கியில் ஒரு கணீர்க் குரல் கேட்கும். மாம்பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு மலையேறிவிட்ட முருகனைச் சமாதானப்படுத்தும் ஔவைப் பாட்டியின் குரல். இளைஞர்கள் பலருக்கு அந்தப் பெயர் தெரியாது, குரல் மட்டும் தெரியும். வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் கே.பி. சுந்தராம்பாள் என்பார்கள். அடுத்த மூச்சில், இரயிலில் பாடிப் பிழைத்த பிள்ளை, புருஷன் போன பிறகு வெள்ளைப் புடவையை மாற்றாதவர், அந்தக் காலத்திலேயே லட்ச ரூபாய் வாங்கியவர் என்று கதையும் வந்துவிடும். 1980-இல் மறைந்த ஒரு பாடகியின் பெயரோடு கதையும் சேர்ந்தே இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. அந்தக் கதை எப்படி உருவானது, அதற்கு அவர் என்ன விலை கொடுத்தார் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

1908-ஆம் ஆண்டு அக்டோபரில் காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் பிறந்தார். பெயருக்கு முன்னால் நிற்கும் இரண்டு எழுத்துகளில் ஒன்று ஊர், மற்றொன்று தாய் பாலாம்பாள். தந்தை பெயரின் முதல் எழுத்து வரவேண்டிய இடத்தில் தாயின் எழுத்து நிற்பதே அந்தக் குடும்பத்தின் நிலையைச் சொல்லிவிடுகிறது. மூன்று பிள்ளைகளோடு பாலாம்பாள் பட்ட வறுமை கொடியது.

அந்த வறுமையிலிருந்து சிறுமி எப்படி மேடைக்கு வந்தாள் என்பதற்கு இரண்டு கதைகள் உண்டு. இரயிலில் பாடிக் காசு கேட்ட சிறுமியின் குரலில் மயங்கி, இரயில்வே அதிகாரியும் நாடகப் பிரியருமான எஃப்.ஜி. நடேச ஐயர் மேடைக்கு வழிகாட்டினார் என்பது ஒன்று. கரூரில் ஒரு காவல்துறை அதிகாரி அந்தக் குரலைக் கேட்டு வேலு நாயர் நாடகக் குழுவுக்கு அனுப்பி வைத்தார் என்பது மற்றொன்று. இரண்டிலும் வேலு நாயர் குழுவில்தான் போய் முடிகிறது. ஆனாலும் மக்கள் நினைவில் நின்றது இரயில்தான். ஓடும் இரயில், பாடும் பிள்ளை, இறங்கி வந்து கைகொடுக்கும் பெரிய மனிதர் என்று அப்படியே கண்ணில் தெரிகிற காட்சி அது.

அவர் ஏற்ற முதல் வேடம் நல்லதங்காளின் மூத்த பிள்ளை. பஞ்சத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போன நல்லதங்காள், அண்ணி கதவடைத்ததும் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளித் தானும் விழுந்த கதை தோட்டத்துப் பெரியவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதில் பசிக்கிறது என்று தாயிடம் அழுது பாடும் பையனாகச் சுந்தராம்பாள் நின்றார். மேடையில் பசியைப் பாடிய பிள்ளைக்கு உண்மையான பசி தெரியும் என்பது கொட்டகையில் இருந்தவர்களுக்கும் தெரிந்திருந்தது. வேடமும் வாழ்க்கையும் ஒன்றன் மேல் ஒன்று படிந்தது அங்கேதான் தொடங்கியது. அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு அது விலகவே இல்லை.

அன்றைய நாடக உலகத்தில் 'ஸ்பெஷல் நாடகம்' என்று ஒரு முறை இருந்தது. நிரந்தரக் குழு என்று இல்லாமல், ஒப்பந்தக்காரர் தனித்தனியாக நடிகர்களைப் பேசி அழைத்து ஓர் இரவுக்கு மேடையேற்றுவார். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிக் கொடுத்த வள்ளி திருமணமும் கோவலனும் எல்லா நடிகர்களுக்கும் மனப்பாடம் என்பதால் ஒத்திகைகூட அதிகம் தேவைப்படாது. அதனால் இன்று என்ன நாடகம் என்பதைவிட இன்று யாரோடு யார் என்பதுதான் நோட்டீசில் பெரிதாக வரும். ஒலிபெருக்கி இல்லாத மேடை. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவன் காதுக்கும் எட்ட வேண்டும். எட்டாத குரலுக்கு இரண்டாம் முறை அழைப்பு வராது.

சுந்தராம்பாள் சிறு வயதிலேயே இலங்கைக்குப் போய் நடிக்கத் தொடங்கிவிட்டார். கொழும்பில் அவருக்கென்று ஒரு கூட்டம் இருந்தது. செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவுக்குத் தமிழகத்தில் இணையில்லாத புகழ். கன்னையா கம்பெனி நாடகங்களில் உச்ச ஸ்தாயியில் பாடி ஆட்களைக் கிறங்க வைத்தவர். 1926-இல் இருவரும் கொழும்பு மேடையில் சந்தித்தார்கள். கிட்டப்பாவுக்கு எதிரே பாடி நிற்க முடியாது, பெயர் கெட்டுவிடும் என்று சுந்தராம்பாளைச் சிலர் பயமுறுத்தியதாகச் சொல்வார்கள். அவர் பயப்படவில்லை. வேலனும் வள்ளியும் விவாதிக்கும் காட்சியில் ஒருவரை ஒருவர் விஞ்சிப் பாட, கூட்டம் விடியும் வரை எழுந்திருக்கவில்லையாம். போட்டி என்று விளம்பரமாகித் தொடங்கியது சில மாதங்களில் ஜோடி என்று மாறியது. 1927-இல் திருமணம்.

அந்த வாழ்க்கை ஆறு ஆண்டுதான் நீடித்தது. கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே திருமணமாகி மனைவி இருந்தார். சாதியும் வேறு. பிறந்த குழந்தை நிலைக்கவில்லை. அவருடைய குடிப்பழக்கம் ஒரு பக்கம், சுற்றியிருந்தவர்கள் மூட்டிவிட்ட சந்தேகங்கள் மறுபக்கம் என்று கடைசி ஆண்டுகளில் பெரும்பாலும் பிரிந்தே இருந்தார்கள். அப்போது சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சில் வந்தன. 1933 டிசம்பர் 2-ஆம் தேதி கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

அன்று உடுத்திய வெள்ளைப் புடவையை அவர் சாகும்வரை மாற்றவில்லை. இனி எந்த ஆண் நடிகரோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் முடிவெடுத்தார். நகை போனது, பொட்டு போனது. நெற்றியில் திருநீறு, கழுத்தில் உருத்திராட்சம். நமக்கெல்லாம் தெரிந்த சுந்தராம்பாள் இந்தச் சுந்தராம்பாள்தான்.

இதைப் பத்தினித் தர்மம் என்று புகழ்ந்து எழுதியவர்கள் ஏராளம். எனக்கு அது மட்டும் போதுமானதாகத் தோன்றவில்லை. நாடக மேடைப் பெண்ணை அந்தக் காலச் சமூகம் எப்படிப் பார்த்தது என்று யோசிக்க வேண்டும். ஒருவரோடு வாழ்ந்தாலும் அவளை மனைவி என்று சொல்ல ஊருக்கு வாய் வராது. கிட்டப்பாவுக்கு வேறு ஒரு மனைவியும் குடும்பமும் இருந்த நிலையில், நானும் அவர் மனைவிதான் என்பதை நிரூபிக்கச் சுந்தராம்பாளிடம் என்ன இருந்தது? கைம்பெண் கோலம் இருந்தது. அதை ஏற்றுக்கொண்டவளை மனைவி இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. வாழ்ந்தபோது ஊர் தயங்கித் தயங்கிக் கொடுத்த பெயரை, அவர் இறந்த பிறகு அந்தப் புடவை உறுதியாக வாங்கிக் கொடுத்தது. தனியாக நின்று சம்பாதித்த 25 வயதுப் பெண்ணுக்கு அது வேலியாகவும் இருந்தது. துக்கம் உண்மை. அந்தத் துக்கத்துக்கு அவர் தேர்ந்துகொண்ட உருவம் அவருக்குப் பயன்பட்டதும் உண்மை. ஒன்று உண்மையாக இருந்தால் மற்றொன்று பொய்யாகிவிட வேண்டும் என்பதில்லை.

துக்கத்தில் வீட்டோடு இருந்தவரை 1934-இல் நந்தனார் நாடகம் மீண்டும் மேடைக்கு அழைத்து வந்தது. அடுத்து அரசியல் வந்தது. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி நாடகக் கலைஞர்களின் பலம் அறிந்தவர். பத்துப் பேர் பேசிச் சேர்க்க முடியாத கூட்டத்தை ஒரு பாட்டுச் சேர்த்துவிடும் என்று அவருக்குத் தெரியும். 1937 தேர்தலில் சுந்தராம்பாள் ஊர் ஊராகப் போய்க் காங்கிரசுக்காகப் பாடினார். கைம்பெண்ணின் வெள்ளையும் காங்கிரசின் கதரும் ஒரே நிறம். ஒரு புடவை இரண்டு கதைகளையும் சொன்னது. காந்தி அவர் வீட்டுக்கு வந்து தங்கத் தட்டில் உணவருந்தினார் என்றும், சாப்பாடு மட்டும்தானா, தட்டு கிடையாதா என்று காந்தி கேட்க, அப்படியே எடுத்துக் கொடுத்தார் என்றும், அது ஏலம் போய் நிதியானது என்றும் ஒரு கதை உண்டு. இரயில் கதைக்கு இது சரியான ஜோடி. அங்கே கையேந்திய பிள்ளை, இங்கே கொடுக்கிறாள். பிற்பாடு சென்னை மாநிலச் சட்ட மேலவையிலும் அவர் உறுப்பினரானார். இந்தியத் திரைக் கலைஞர்களில் சட்டமியற்றும் அவைக்குள் முதலில் நுழைந்தவர் அவர் என்பார்கள்.

இனி அந்த லட்ச ரூபாய்க்கு வருவோம். பேசும் படம் தமிழுக்கு வந்து நான்கே ஆண்டு. 'பக்த நந்தனார்' எடுக்க விரும்பிய தயாரிப்பாளர்கள் சுந்தராம்பாளைத் தேடி வந்தார்கள். படத்தில் நடிக்க அவருக்கு விருப்பமில்லை. முடியாது என்று சொன்னாலும் விடமாட்டார்கள் என்பதால், கேட்டதும் ஓடிப்போகட்டும் என்று ஒரு லட்சம் ரூபாய் கேட்டார் என்பது கதை. அவர்கள் ஓடவில்லை, ஒப்புக்கொண்டார்கள். ஒரு பவுன் தங்கம் முப்பது ரூபாயைத் தொடாத காலம் அது. இந்தியத் திரைப்படத்தில் அதுவரை எந்த நடிகரும் நடிகையும் வாங்காத தொகை. படம் வருவதற்கு முன்பே அந்தத் தொகை ஊர் முழுக்கப் பேசப்பட்டது. அதைவிடப் பெரிய விளம்பரம் படத்துக்குத் தேவைப்படவில்லை.

1935-இல் படம் வந்தது. கதாநாயகியாக ஓர் ஆணோடு இணைந்து நடிக்க மாட்டேன் என்று சொன்னவர், ஆண் வேடத்தையே எடுத்துக்கொண்டார். கோயிலுக்குள் அனுமதி மறுக்கப்பட்ட நந்தன் அவர். வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாதய்யர். கதைப்படி வேதியர் நந்தனின் காலில் விழ வேண்டும். ஒரு பிராமண வித்துவான் மேடைக்காரப் பெண்ணின் காலில் விழுவதா என்று வைதிகர்கள் கொதித்தார்கள். படத்தில் பாட்டுக்குக் குறைவில்லை, நடிப்புதான் குறைவு என்று விமர்சகர்கள் கேலி செய்தார்கள். படம் ஓடவில்லை. ஆனால் பாருங்கள், படம் தோற்ற செய்தி யாருக்கும் நினைவில் இல்லை. லட்ச ரூபாய் எல்லோருக்கும் நினைவில் இருக்கிறது.

இதற்குப் பிறகு அவர் ஏற்ற பெரிய வேடங்களைப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். 1940-இல் மணிமேகலை, துறவு பூண்டவள். 1953-இல் ஔவையார், முதுமையைக் கேட்டு வாங்கியவர். 1964-இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள், சமணத் துறவி. 1973-இல் காரைக்கால் அம்மையார், அழகை உதறிப் பேயுரு பெற்றவர். எல்லோரும் கணவன் அருகில் இல்லாத பெண்கள், தெய்வத்தையோ அறத்தையோ துணையாகக் கொண்டவர்கள். ஒரு நல்ல நிர்வாகி இன்று உட்கார்ந்து திட்டம் போட்டாலும் இவ்வளவு கச்சிதமாகப் போட முடியாது. சுந்தராம்பாளிடம் நிர்வாகி கிடையாது. மறுக்கத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

இவற்றில் ஔவையாரை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஜெமினி எஸ்.எஸ். வாசன் தயாரிப்பு, கொத்தமங்கலம் சுப்பு இயக்கம். யானைக் கூட்டம் கோட்டைச் சுவரை இடித்துத் தள்ளும் காட்சிக்காகவே திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள் உண்டு. சுந்தராம்பாளுக்கு அப்போது வயது 44தான். ஆனால் இருபது ஆண்டாக வெள்ளைப் புடவையில் பார்த்துப் பழகிய கண்களுக்கு அவர் நரைத்த பாட்டியாக வந்து நின்றது வேடமாகவே தெரியவில்லை. ஊர் ஊராகத் தனியே நடந்து, அரசனுக்கும் ஆண்டிக்கும் அறம் சொல்லி, முருகனைப் பாடித் திரிந்த ஔவையும், கொடுமுடிப் பாடகியும் ஒரே ஆளாகிவிட்டார்கள்.

தமிழ் படித்தவள் என்பதால் ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஔவை என்ற பெயரில் வெவ்வேறு காலத்துப் புலவர்கள் இருந்தார்கள் என்பது இலக்கிய வரலாறு. சங்க கால ஔவை, அதியமானோடு அமர்ந்து கள் அருந்தியவர், அவனுக்காகத் தூது போனவர், அவன் இறந்தபோது கதறிப் பாடியவர். துறவியும் அல்லர், தொடக்கத்திலேயே கிழவியும் அல்லர். ஆத்திசூடி எழுதியவர் பல நூற்றாண்டு பிந்தியவர். நாட்டார் கதைகள் ஏற்கெனவே எல்லோரையும் ஒரே பாட்டியாக ஆக்கியிருந்தன. படம் அந்தப் பாட்டிக்கு ஒரு முகமும் குரலும் கொடுத்துப் பூட்டிவிட்டது. இன்று நம் தமிழ்ப்பள்ளிகளில் மாறுவேடப் போட்டிக்கு ஔவையார் வேடமிடும் பிள்ளையின் கோலத்தைப் பாருங்கள். வெள்ளைப் புடவை, கையில் கோல், நெற்றி நிறையத் திருநீறு. அந்தப் பிள்ளை சங்கப் புலவரை அல்ல, சுந்தராம்பாளைத்தான் ஆடுகிறாள்.

நம் தோட்டங்களில் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில் இப்படிப்பட்ட பக்திப் படங்களுக்குத் தனி மரியாதை இருந்தது. திரையில் பார்த்தவர்களுக்கு வீட்டு வானொலியில் அதே குரல் கேட்டது. முருகனை நம்பிக் கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகளுக்கு, வறுமையில் பிறந்து முருகனைப் பாடி உயர்ந்த ஒரு பெண்ணின் கதை அந்நியமாக இருந்திருக்க நியாயமில்லை. ஏ.பி. நாகராஜன் 1965-இல் 'திருவிளையாடல்' எடுத்தபோதும், 1967-இல் 'கந்தன் கருணை' எடுத்தபோதும் ஔவையாக வேறு ஒருவரை நினைத்துப் பார்க்கவே முடியாத நிலை வந்துவிட்டிருந்தது.

இவ்வளவு கெட்டியான பிம்பத்துக்கும் ஒரு சோதனை வந்தது. 'பூம்புகார்' கலைஞர் கருணாநிதி கதை வசனம் எழுதிய படம். ஒரு பக்கம் நாத்திகம் பேசும் திராவிட இயக்கத்துக்காரர், மறுபக்கம் காங்கிரஸ்காரராகவும் முருக பக்தையாகவும் அறியப்பட்ட பாடகி. கவுந்தியடிகள் சமணத் துறவி என்பதால் திருநீறு கூடாது. திருநீற்றை அழித்துவிட்டு நடிக்க முடியாது என்று சுந்தராம்பாள் நின்றதாகவும், இரு தரப்பும் விட்டுக்கொடுத்து ஒரு வழி கண்டதாகவும் திரையுலகில் சொல்வார்கள். பாத்திரத்துக்கு எது பொருத்தம் என்று கேட்டால் கருணாநிதி பக்கம்தான் நியாயம். சுந்தராம்பாள் பாத்திரத்தைப் பார்க்கவில்லை. தன்னை நம்பிக் கொட்டகைக்கு வருகிறவன் நெற்றியில் எதைத் தேடுவான் என்பதைப் பார்த்தார். முப்பது ஆண்டு காத்த ஒன்றை ஒரு படத்துக்காக விட அவருக்கு மனமில்லை.

விலை என்ன என்று கேட்டால், அது கணக்குப் போட முடியாதது. வள்ளியாக நின்று வேலனோடு குறும்பும் சிணுங்கலுமாக மல்லுக்கு நின்று பாடியவர் அவர். கொழும்பில் கூட்டம் விடிய விடிய உட்கார்ந்தது அந்தக் குறும்புக்காக. 25 வயதுக்குப் பிறகு அந்தக் குரலில் குறும்பைக் கேட்க நமக்குக் கொடுத்து வைக்கவில்லை. கம்பீரம் கிடைத்தது, உருக்கம் கிடைத்தது, அறம் கிடைத்தது. காதல் பாட்டுக்கோ நகைச்சுவைக்கோ அவரை யாரும் அழைக்கவில்லை, அழைத்திருந்தாலும் போயிருக்க மாட்டார். தோட்டத்துப் பிள்ளை என்ற கதையோடு இன்று அறிமுகமாகும் நம் பாடகர்களில் சிலர், நான்காவது பாடலிலும் அதே வறுமையைப் பாட வேண்டியிருக்கிறதே என்று சலித்துக்கொள்கிறார்கள். சுந்தராம்பாள் நாற்பத்தாறு ஆண்டு சலித்துக்கொள்ளாமல் இருந்தார், குறைந்தது வெளியில்.

'துணைவன்' படத்தில் பாடியதற்காக 1969-ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான இந்திய தேசிய விருது கிடைத்தது. பாடகிகள் மூச்சு குறைந்து ஒதுங்கும் அறுபது வயதில் அது வந்தது. 1970-இல் பத்மஸ்ரீ. பாடிச் சேர்த்த பணத்தில் கொடுமுடியில் தன் பெயரிலேயே ஒரு திரையரங்கம் கட்டினார். பிச்சை கேட்டுப் பாடியதாகச் சொல்லப்படும் பிள்ளையின் பெயரில், அவள் பிறந்த ஊரிலேயே ஒரு கொட்டகை. 1980-இல் சென்னையில் காலமானார்.

முன்பு குறிப்பிட்ட கடிதங்களை இன்று படிக்கும் வாய்ப்பு நமக்கு இருக்கிறது. அவற்றில் துறவி இல்லை, ஔவை இல்லை. வராத கணவனுக்காகக் காத்திருந்து, கோபப்பட்டு, ஊர் பேசும் பேச்சுக்குப் பதில் சொல்லி, உடல்நிலையை விசாரித்து, மறுபடியும் கோபப்படும் இருபது சொச்சம் வயதுப் பெண் இருக்கிறாள். அவளை எந்த நோட்டீசிலும் எந்தப் படத்திலும் எவரும் பார்த்ததில்லை. சுந்தராம்பாள் தன் வாழ்க்கையில் மேடைக்குக் கொண்டுவராமல் வைத்துக்கொண்டது அந்தப் பெண்ணை மட்டும்தான்.